மெஷினுக்குப் போட்ட மாலை

பச்சைப் பொத்தானை விருந்தினர் அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு தரம் அமுக்கினார், இந்த முறை கட்டைவிரலால், கொஞ்சம் அழுத்தி. புது டிரில்லிங் மெஷின் அசையாமல் நின்றது. அதன் தலையிலிருந்து தொங்கிய சாமந்தி மாலை மட்டும் மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடியது. கற்பூர வாசனை எங்கள் பள்ளிப் பட்டறையை விட்டு இன்னும் போகவில்லை. போட்டோகிராபர் ஒரு கண்ணை மூடியபடி குனிந்தே நின்றார்.

"கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார் தலைமை ஆசிரியர்.

மேலே மின்விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் கதவோரத்தில், மெயின் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"கரண்ட் இருக்குங்க சார். மெஷினுக்குப் போற லைனை நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்."

தலைமை ஆசிரியரின் முகம் போன போக்கை இங்கே வர்ணிக்க மாட்டேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் உட்கார்ந்து இந்த வார இதழை வரி விடாமல் படிக்கிறார் என்று கேள்வி.

'உங்கள் தொடரில் நீங்கள் எப்போது பார்த்தாலும் யாரிடமாவது மல்லுக்கு நிற்கிறீர்களே, ஏன்?' என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். அம்மா, அன்றைக்கு நான் மல்லுக்கு நிற்கவில்லை. கதவோரம்தான் நின்றேன். ஏன் நின்றேன் என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

தீபம் முடிந்த வாரம்

திருவண்ணாமலையில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்குக் கார்த்திகை மாதம் பாதி மாதம்தான். தீபத் திருவிழாப் பந்தோபஸ்துக்கு வெளியூரிலிருந்து வரும் போலீஸ்காரர்கள் வகுப்பறைகளில் தங்குவார்கள். அவர்கள் போன பிறகு பெஞ்சுகளைத் தேடி எடுத்து, பினாயில் போட்டுக் கழுவி, நாங்கள் மறுபடி உள்ளே நுழைவோம். மலை உச்சியில் அப்போதும் தீபம் எரிந்துகொண்டிருக்கும். சாயங்காலம் பள்ளி விடும்போது பிள்ளைகள் கேட்டைத் தாண்டியதும் ஒரு தரம் மேலே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள்.

அந்த வருஷம் பட்டறையைத் திறந்தபோது, பழைய டிரில்லிங் மெஷினின் கைப்பிடியில் ஒரு ஈரத் துண்டு காய்ந்து விறைத்துத் தொங்கியது. யாரோ ஒரு காவலர் மறந்துவிட்டுப் போனது. என் வகுப்பில் படித்த ஷபானா அதைப் பார்த்ததும், "மிஸ், மெஷின் குளிச்சிட்டு வந்திருக்குது," என்றாள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. துண்டும் மெஷினும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எனக்குச் சிரிப்பு வராது.

நான் அங்கே மேல்நிலை வகுப்புகளுக்குத் தொழிற்கல்வி எடுத்தேன். அரம் போடுவது, துளை போடுவது, வெல்டிங் எல்லாம் என் பாடம். நிரந்தர வேலை இல்லை. வருஷா வருஷம் தலைமை ஆசிரியர் 'இவர் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வருஷம் உண்டு. அவர் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலையில் ஒரு பாகம். அந்தப் பாகத்தில் நான் எப்போதுமே சுமார்தான்.

பழைய மெஷினுக்கு மேல் மூடி உடைந்து போயிருந்தது. அவசரமாக நிறுத்தச் சிவப்புப் பொத்தான் கிடையாது. புது மெஷின் கேட்டுக் கேட்டு என் வாய் வலித்தது. கடைசியில் ராஜமாணிக்கம் என்ற முன்னாள் மாணவர் வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டார். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகள் வைத்திருக்கும் பெரிய மனிதர். தீபம் முடிந்த வாரத்தில் நல்ல நாள் பார்த்துத் திறப்பு விழா வைத்தார்கள்.

விழாவுக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விழாவைச் சொன்னால் நான் ஏதோ திமிர் பிடித்தவள் என்று நினைப்பீர்கள். ஆகவே கொஞ்சம் பின்னால் போவோம்.

கையைக் காட்டு

என் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. மெஷினைப் போடப் போகிறவர், அது யாராக இருந்தாலும், முதலில் வகுப்பைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். மணிக்கட்டில் கயிறு, வளையல், வாட்ச், கழுத்தில் தொங்குவது, சட்டைக் கை, தலைமுடி, காலில் செருப்பா ஷூவா, கண்ணாடி போட்டாயிற்றா, எல்லாவற்றையும் வகுப்பு பார்க்கும். சரியாக இருந்தால் எல்லோரும் சேர்ந்து "போடலாம்!" என்று கத்துவார்கள். அப்புறம்தான் பொத்தானில் கை.

மணிக்கட்டுக் கயிறுதான் எங்கள் ஊரில் பெரிய தலைவலி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிற ஊர். கோயிலில் ஒரு கயிறு, வழியில் ஒரு லிங்கத்துக்கு ஒரு கயிறு, மாமா கொண்டுவந்த திருப்பதிக் கயிறு என்று ஒவ்வொரு கையிலும் ஒரு கொத்து இருக்கும். கழட்டச் சொன்னால் கண் கலங்கிவிடும். நான் கழட்டச் சொன்னதில்லை. துணிப்பட்டை வாங்கி வைத்திருந்தேன். அதைச் சுற்றிக் கட்டி, பட்டறையில் போடும் காக்கிக் கோட்டின் கைக்குள் தள்ளினால் சரி. ஷபானா தலையில் கட்டும் துணியைக் கோட்டுக்குள் செருகி, மேல் பொத்தான் வரை போட்டுவிட்டு, எனக்கு முன்னாலேயே தயாராக நிற்பாள்.

வழக்கத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. மெஷின் ஓடும்போது வகுப்பில் யார் "நில்லு" என்று சொன்னாலும் உடனே நிறுத்த வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. நிறுத்திவிட்டுக் கேட்கலாம். காரணம் அற்பமாக இருந்தால் சொன்னவரைத் திட்டக் கூடாது. ஒரு முறை சுவரிலிருந்து பல்லி விழுந்ததற்கு ஒருவன் "நில்லு" என்றான். மெஷின் நின்றது. "சரி, பல்லி போயிடுச்சா? போடலாம்," என்றேன், அவ்வளவுதான்.

மல்லிகா

ஏன் இந்தப் பிடிவாதம் என்றால், மல்லிகாவால்.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் படித்தபோது எங்கள் பிரிவில் பெண்கள் இரண்டே பேர். மல்லிகாவும் நானும். ஒரே டிபன் பாக்ஸ், ஒரே பஸ். அவள் கோலம் போட்டால் தெருவே நின்று பார்க்கும். அவ்வளவு நேர்த்தியான கை. இரும்புத் தகட்டில் கோடு கிழித்தாலும் அதே நேர்த்திதான்.

அன்று யாரோ அதிகாரி பார்வையிட வந்திருந்தார். எங்கள் இன்ஸ்ட்ரக்டர் அவருக்குப் பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். மல்லிகா டிரில்லிங் மெஷினில் வேலை செய்துகொண்டிருந்தாள். காக்கிக் கோட்டுக்கு மேல் துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டியிருந்தாள். முடிச்சு அவிழ்ந்து ஒரு முனை முன்னால் வந்து தொங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. நான் அடுத்த மேசையிலிருந்து பார்த்துவிட்டேன்.

"சார், மெஷினை நிறுத்துங்க!" என்று கத்தினேன். சுவிட்ச் இன்ஸ்ட்ரக்டருக்குப் பக்கத்துத் தூணில் இருந்தது.

அவர் திரும்பினார். அதிகாரி முன்னால் ஒரு பெண் கத்துகிறாளே என்று எரிச்சல். "ஏன் கத்தற?" என்று கேட்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார். நானும் ஒழுங்கான மாணவியாக, "துப்பட்டா சார்..." என்று பதில் சொல்ல ஆரம்பித்தேன். அந்தக் கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் நடுவில் துணி முனை உள்ளே போய்விட்டது. மல்லிகா அதை இழுக்கக் கையைக் கொண்டுபோனாள். யாருக்கும் அந்த நேரத்தில் அதுதான் தோன்றும்.

வலது கையில் இரண்டு விரல்கள் போயின. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டாள், கல்யாணம் செய்துகொண்டாள், இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். கோலம் போடுவதை மட்டும் விட்டுவிட்டாள். எப்போதாவது பேச்சு அந்தப் பக்கம் போனால், "அந்த ஆளு ஏன்னு கேக்காம இருந்திருக்கலாம்," என்பாள். 

இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில்தான் பத்துப் பதினைந்து வருஷம் பட்டறை நடத்தினேன்.

சாமி, நீங்க தள்ளி நில்லுங்க

கார்த்திகை பிறந்ததும் வகுப்பில் தீனா சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு வந்தான். கறுப்புச் சட்டை, கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மணி மாலை, வெறுங்கால். மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். நானும் கூப்பிட்டேன்.

"சாமி, மலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் நீங்க மெஷின் பக்கம் வரக் கூடாது."

கழுத்து மாலையைக் கூடச் சட்டைக்குள் போட்டுப் பொத்தான் மாட்டிச் சமாளிக்கலாம். வேட்டியையும் வெறுங்காலையும் என்ன செய்வது? துளை போடும்போது சிதறும் இரும்புச் சுருள் கொதிக்கக் கொதிக்கக் கீழே விழும். வரைபடம், அளவெடுக்கும் வேலை என்று தனியாகக் கொடுத்துப் பக்கத்து அறையில் உட்கார வைத்தேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

மறுநாளே அவன் அம்மா செல்வி வந்துவிட்டார். அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையில் பூக்கடை வைத்திருப்பவர். பெற்றோர் சங்கத்தில் உறுப்பினர் வேறு. தலைமை ஆசிரியரையும் கூடவே அழைத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"இன்னா டீச்சர், வாயில சாமின்றீங்க, கையில வெளிய போன்றீங்க? விரதம் இருக்கிற புள்ளைய ஒதுக்கி வெச்சா எனக்கு வயிறு எரியாதா?"

"ஒதுக்கலைங்க. மெஷினுக்கிட்ட வேணாம்னு சொன்னேன்."

"சாமிக்கு மாலை போட்டவன சாமி பாத்துக்காதா?"

"பாத்துக்கும். அதுக்காக நாம ரோட்ல லாரி வந்தா ஒதுங்காமலா நிக்கறோம்?"

தலைமை ஆசிரியர் இருமினார். "மேடம், இது சென்சிட்டிவ் விஷயம். வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போச்சுன்னா நாம பதில் சொல்லணும். கொஞ்சம் பாத்து..."

"கை போனா யாருக்குப் பதில் சொல்லுவீங்க சார்?" என்றேன். அடுத்த வருஷ வேலை அப்போதே ஒரு முறை ஆட்டம் கண்டது.

ஒரு முழம் கதம்பம்

வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. செல்வியை ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். "ஒரு பீரியடு பாருங்க. பாத்துட்டு நீங்க சொல்றதைக் கேக்கறேன்."

பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி நின்று கையைக் காட்டியதையும், "போடலாம்" என்ற கூச்சலையும் அவர் பார்த்தார். கூடையில் கொஞ்சம் கதம்பம் வைத்திருந்தார். "ஒரு முழம் குடுங்க," என்று வாங்கி, ஒரு நீளமான குச்சியின் நுனியில் தளர்வாகத் தொங்கவிட்டேன். பிள்ளைகளை, மெஷினைச் சுற்றித் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, தள்ளி நின்று, ஓடிக்கொண்டிருந்த பழைய மெஷினுக்குப் பக்கத்தில் குச்சியை நீட்டினேன்.

பூச்சரத்தின் வால் மட்டும்தான் பட்டது. சரம் குச்சியை விட்டுப் போனது கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு சத்தம் கூட இல்லை. மரிக்கொழுந்தும் கனகாம்பரமும் சுவரெல்லாம் ஒட்டின. நார் மட்டும் சுற்றிச் சுற்றி இறுகி, கத்தியால் அறுத்தால்தான் வரும் போலிருந்தது.

செல்வி எழுந்து வந்து, நான் நிறுத்திய மெஷினில் அந்த நாரைத் தொட்டுப் பார்த்தார். நாள் முழுக்க நாரோடு புழங்குகிற கை அது.

"இவ்ளோ டைட்டா என்னால கூடக் கட்ட முடியாது," என்றார்.

அதற்காக உடனே மனம் மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. வாசலில் நின்று திரும்பி, "சரி டீச்சர், மெஷின் வேணாம். ஆனா பக்கத்து ரூம்லயும் வெக்காதீங்க. உள்ளவே ஏதாச்சும் வேல குடுங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்னு சொல்றீங்க, அது எல்லாருக்கும் தானான்னு நானும் பாக்கறேன்," என்றார்.

நியாயமான பேச்சு. தீனாவுக்குக் கதவோரத்து மெயின் சுவிட்ச் பக்கத்தில் இடம் கொடுத்தேன். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம், இரும்புத் தூள் வராத இடம். மெஷினையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தப்பாக எது தெரிந்தாலும் "நில்லு" சொல்ல வேண்டும். அந்த வேலையை அவனைப் போலக் கண் இமைக்காமல் செய்தவன் இல்லை.

போட்டோவுக்கு மட்டும்

இப்போது விழாவுக்கு வருவோம்.

புது மெஷினுக்குப் பொட்டு வைத்தார்கள். செல்வி அதிகாலையிலேயே உட்கார்ந்து, கை தடிமனில் சாமந்தி மாலை கட்டிக் கொண்டுவந்து தன் கையாலேயே மெஷின் தலையில் போட்டார். அழகான மாலை. அதன் நுனி, டிரில் பிட் சுற்றுகிற இடத்துக்கு நேர் முன்னால் வந்து தொங்கியது. மெஷினுக்கு மாலை போடாமல் ஓட்ட எங்கள் ஊரில் யாருக்கும் மனம் வராது. எனக்கும்தான். பூஜை ஆகட்டும், ஓட்டுவதற்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று தலைமை ஆசிரியரிடம் முதல் நாளே பேசி வைத்திருந்தேன். "கண்டிப்பா மேடம்," என்றிருந்தார்.

விருந்தினர் ராஜமாணிக்கம் வந்தார். கரை போட்ட வேட்டி, முழுக்கைச் சட்டை. அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். கற்பூரம் காட்டினார்கள். நான் மாலையை எடுக்கப் போனேன்.

"மேடம், மேடம்," என்று தலைமை ஆசிரியர் என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "மாலையோட ஒரு போட்டோ. பொன்னாடையோட. அஞ்சு செகண்ட் ஓடட்டும், உடனே நிறுத்திடலாம்."

"ஓடறப்ப மாலை கூடாதுங்க சார். பொன்னாடையும் கூடாது."

"வேணும்னா கைக்கு கிளவுஸ் போடச் சொல்லட்டா?"

"ஐயோ சார், சுத்தற மெஷின்ல மொதல்ல மாட்டறதே கிளவுஸ்தான்."

"பெரிய மனுஷன் மேடம். அவர் தோள்ல இருந்து துணிய எடுன்னு யார் போய்ச் சொல்றது? வேலைய பாருங்க." சொல்லிவிட்டு விருந்தினரை மெஷின் பக்கம் அழைத்துப் போய்விட்டார்.

மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் என் வகுப்பு மொத்தமும் நின்றிருந்தது. பெற்றோர் வரிசையில் செல்வி உட்கார்ந்திருந்தார். அவர் மெஷினைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் தானா என்று பார்க்கிறேன் என்று சொன்னவர்.

அந்த ஐந்து செகண்டில் ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். அவர் பொன்னாடை தோளிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் நான் எந்தப் பிள்ளையிடம் போய்க் கயிற்றை உள்ளே தள்ளு என்று சொல்வேன்? பெரிய மனிதர் கை என்றால் மெஷின் பார்த்து விட்டுவிடும் என்று பிள்ளைகள் புரிந்துகொண்டால், அப்புறம் பட்டறை பட்டறையாக இருக்காது.

நான் கதவோரம் போனேன். தீனா நின்றிருந்தான். "சாமி, நீங்க போய் உக்காருங்க. இதுக்கு நான் பொறுப்பு," என்று அவனை அனுப்பிவிட்டு மெஷின் லைனை அணைத்தேன்.  அணைத்த கையை எடுக்கவில்லை.

நில்லுங்க

விருந்தினர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் வாங்கிக் குடுத்த மெஷின்ல நானே கை வெக்கக் கூடாதா?"

"தாராளமா வெக்கலாங்க ஐயா. கை மட்டும் வெக்கணும். மாலையும் பொன்னாடையும் வேணாம்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். தலைமை ஆசிரியர், "மேடம், மானத்த வாங்காதீங்க. லைனைப் போடுங்க," என்றார். நான் அசையவில்லை.  இன்னும் கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருந்திருந்தால் அழுதிருப்பேன் என்று நினைக்கிறேன். அப்போதும் சுவிட்சைப் போட்டிருக்க மாட்டேன்.

தலைமை ஆசிரியர் அவரே போட்டுவிடலாம் என்று என் பக்கம் நடந்து வந்தார்.

"நில்லுங்க!"

செல்வியின் குரல். மலை சுற்றும் கூட்டத்தில் பூ விற்கிற குரல். தலைமை ஆசிரியர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார்.

செல்வி எழுந்து நேராக மெஷினிடம் போனார். தான் கட்டிய மாலையைத் தன் கையாலேயே தூக்கி எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த சாமி படத்துக்குப் போட்டார். பிறகு விருந்தினர் பக்கம் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. எம்புள்ள சாமிக்கு மாலை போட்டவன். அவனையே தள்ளி நில்லுன்னுதான் சொன்னாங்க இந்த டீச்சர். நான் வந்து சண்ட போட்டேன். அதே சட்டம் உங்களுக்கும் இருந்தாத்தான் எம்புள்ளைக்குச் சொன்னது நியாயம். பொன்னாடைய இப்படிக் குடுங்க, நான் பத்திரமா வெச்சிருக்கேன்."

அவர் கொடுத்துவிட்டார். வேறு என்ன செய்வார்? கையை நீட்டிக்கொண்டு செல்வி நின்ற நிலை அப்படி.

நான் லைனைப் போடவில்லை இன்னும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலிருந்து ஷபானா, மரியாதையாகத்தான், "சார், கையைக் காட்டுங்க சார்," என்றாள். அவருக்குப் புரியவில்லை. தீனா எழுந்து நின்று எப்படி என்று செய்து காட்டினான். ராஜமாணிக்கம் மெதுவாக வகுப்பைப் பார்த்துத் திரும்பி இரண்டு கையையும் தூக்கினார். சட்டைக் கை பின்னால் போனது. வலது மணிக்கட்டில் ஒரு கொத்துக் கயிறு, நுனியெல்லாம் வெளியே.

"கயிறு!" என்றது வகுப்பு மொத்தமும்.

அவர் குனிந்து கையைப் பார்த்தார். அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகம் இளகியது. "பாத்துட்டானுங்களே," என்று சொல்லிக்கொண்டார். நான் துணிப்பட்டையைக் கட்டிவிட்டு, முழுக்கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிவிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி, ஒரு ஆபீஸ் மேஜையை நகர்த்தி வைப்பது போல அவரைத் தோளைப் பிடித்துச் சரியான இடத்தில் நிறுத்தினேன். துளை போட விடவில்லை, வெறும் ஓட்டம்தான்; சுருள் சிதறினால்தானே வேட்டியும் காலும் தொல்லை.

மறுபடி கையைக் காட்டினார்.

"போடலாம்!"

நான் லைனைப் போட்டேன். அவர் பச்சையை அமுக்கினார். புது மெஷின் சத்தமே இல்லாமல் ஓடியது. சிவப்பை அமுக்கினார், நின்றது. 

விழா மலரில் வந்த போட்டோவில் பெரிய மனிதர் மாலை இல்லாமல், பொன்னாடை இல்லாமல், போலீசில் மாட்டிக்கொண்டவர் போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். தலைமை ஆசிரியர் என்னோடு பொங்கல் வரை பேசவில்லை. அடுத்த வருஷத்துக்கு எழுதிக் கொடுக்கும் நேரம் வந்தபோது ஒன்றும் சொல்லாமல் எழுதிக் கொடுத்தார். மனசுக்குள் என்ன நினைத்தார் என்பதை இதைப் படித்துவிட்டு அவரே சொன்னால்தான் உண்டு.

தீனா மலைக்குப் போய்வந்து மாலையைக் கழட்டியதும், ஷூ போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றான்.

கரும்புச் சாறு

அந்தக் கோடையில் ஒரு சாயங்காலம் அடி அண்ணாமலைப் பக்கம் போயிருந்தேன். செல்வியின் கடைக்கு எதிரில் ஒருவர் கரும்புச் சாறு மெஷின் வைத்திருந்தார். வெயில் தாங்காமல் ஒரு டம்ளர் சொல்லிவிட்டு நின்றேன். அவர் கழுத்தில் ஈரத் துண்டு. கரும்பைச் சொருகக் குனிந்தார். துண்டின் நுனி உருளைக்கு மேலே வந்து ஆடியது. நான் வாயைத் திறந்தேன்.

"நில்லு!"

என் குரல் இல்லை. எதிர்க் கடையிலிருந்து வந்தது.

அவர் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. மெஷின் நின்ற பிறகுதான் நிமிர்ந்து, "இன்னாக்கா?" என்று கேட்டார்.

"துண்டு," என்றார் செல்வி, பூக் கட்டுவதை நிறுத்தாமல். அவர் துண்டைக் கழட்டி ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி மெஷினைப் போட்டார். தினமும் நடக்கிற விஷயம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மல்லிகாவுக்குப் போன் செய்து முழுக்கச் சொன்னேன்.

"நிறுத்திட்டுக் கேட்டாரா, கேட்டுட்டு நிறுத்தினாரா?" என்றாள்.

"நிறுத்திட்டுத்தான் கேட்டாரு."

 

"நல்லா இருக்கட்டும்," என்றாள் மல்லிகா.